அழியப்போகும் எழுத்தை வரைதல்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வாயிற் கரும்பலகையை வரைந்த குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை.)



நாங்கள் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்லர். மேடைக்குப் பின்னால் நின்று திரைச்சீலை இழுத்தவர்களும், விழாவுக்கு முதல்நாள் இரவு வரை ஏணியில் நின்றவர்களும்தான் எங்கள் கூட்டத்தில் உள்ளனர். இன்று காலை வாயிலால் உள்ளே வந்த பலர், அங்குள்ள கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே அச்சடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். அச்சடிக்கவில்லை, வெண்கட்டியால் கையால் வரைந்தோம் என்றதும் கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். "எங்கள்" என்ற சொல்லில் இப்போது ஒரு புள்ளி குறைவு. குற்றவாளி யார் என்று நாங்கள் தேடப்போவதில்லை. அந்தப் பலகை எப்படி உருவானது என்பதை இருபது நிமிடத்தில் சொல்லும்படி விழாக் குழுவினர் கேட்டதால் இங்கே நிற்கிறோம்.

எங்கள் காலத்தில் படித்த எவருக்கும் அந்தப் பலகையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எட்டடி நீளம், நாலடி உயரம். காலையில் மணி அடிக்கு முன் ஓடி வருகிற பிள்ளையும் ஒரு கணம் அதைப் பார்க்காமல் போனதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா, ஒளி விழா, பரிசளிப்பு விழா, சோதனைப் பெறுபேறு, மழைக்கால விடுமுறை, மரண அறிவித்தல் எல்லாம் அதிலேதான் வரும். ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் கல்லூரியின் குரல் அந்தப் பலகைதான்.

அந்தக் குரலுக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் சித்திர ரீச்சர். அவரைத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேராவது இருப்பீர்கள். அவர் இன்று நம்மிடையே இல்லை. பெயரைச் சொல்லிப் புகழ்வது அவருக்குப் பிடிக்காத காரியம், ஆகவே ரீச்சர் என்றே சொல்கிறோம். அவருடைய ஆயுதங்கள் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தன: வெள்ளை வெண்கட்டி, நாலைந்து நிறக் கட்டிகள், ஒரு பந்து தையல் நூல், அரத்தாள் துண்டு, ஈர்க்கு, பஞ்சு, கிழிந்த பருத்திச் சீலையின் ஒரு துண்டு. ஒவ்வொரு தவணையும் தொடங்குமுன் பலகைக்குக் கரி பூச வேண்டும். பழைய ரோச் பற்றறியை உடைத்து அதற்குள் இருக்கும் கரியை எடுத்து, அரைத்த இலைச்சாற்றோடு குழைத்துப் பூசுவோம். தொண்ணூறுகளில் பற்றறி தடைசெய்யப்பட்ட பிறகு சிரட்டைக் கரிக்கு மாறினோம். கை மூன்று நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். வீட்டில் ஏச்சும் கிடைக்கும்.

பலகைக் குழுவில் சேர்ந்த முதல் நாளே வெண்கட்டியைத் தூக்கலாம் என்று வந்தோம். ரீச்சர் தரவில்லை. எழுத வேண்டிய வசனத்தைக் கையில் தந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பிறகு கேட்டார்: "இதிலை எந்தச் சொல்லைச் சொல்லேக்கை உங்கடை குரல் உயர்ந்தது?" எந்தச் சொல்லில் குரல் உயர்ந்ததோ அந்தச் சொல்தான் பலகையில் பெரிதாக வர வேண்டும். எந்த இடத்தில் மூச்சு விட்டோமோ அங்கேதான் வரி முறிய வேண்டும். எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் எழுதுவதற்கும் எழுத்தை வரைவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது என்பதை இத்தனை வருடம் கழித்து இந்த நூற்றாண்டுப் பலகையைச் செய்தபோதுதான் முழுதாக உணர்ந்தோம். எழுதும்போது கை பழக்கத்தில் ஓடும், மனம் பொருளில் இருக்கும். வரையும்போது ஒவ்வொரு எழுத்தும் ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் கேட்கவில்லை. கொஞ்சம் கை வந்ததும் அலங்காரம் பிடித்துக்கொண்டது. எந்த எழுத்துக்கும் வால் நீட்டினோம். வாலின் நுனியில் கொடி, கொடியில் பூ, பூவில் வண்டு. பார்த்தவர்கள் "அச்சா" என்றார்கள். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, "வாசிக்கிறவைக்கு மூச்சு விட இடம் விடுங்கோ பிள்ளையள்" என்பார், அவ்வளவுதான். அந்தச் சொல் எங்கள் காதில் ஏறவில்லை.

ஒருநாள் காலை, ஓய்வுபெற்ற எங்கள் ஆரம்ப வகுப்பு ஆசிரியை ஒருவர் காலமான செய்தி வந்தது. அறிவித்தலைப் பலகையில் எழுதும்படி எங்களிடம் துண்டு வந்தது. ரீச்சர் அன்று வரப் பிந்தினார். நாங்களே எழுதினோம். போன கிழமை விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட அதே எழுத்து, அதே வளைவு, அதே கொடி. நிறத்தை மட்டும் வெள்ளையாக்கினோம், துக்கம் அல்லவா என்று. எங்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த ஆசிரியையில் எங்களுக்கு உயிர். ஆகையால்தான் இன்னும் ஒரு பூக் கூடுதலாக வைத்தோம்.

ரீச்சர் வந்தார். பலகையின் முன்னால் நின்றார். காலமானவரின் மகள் அதற்குள் அந்த வழியாகப் போய்விட்டார் என்று பிறகு அறிந்தோம். ரீச்சர் ஏசவில்லை. ஈரச் சீலையை எடுத்து முழுவதையும் துடைத்தார். பலகை காயும் வரை எங்களோடு சேர்ந்து நின்றார். பிறகு ஒரு வெண்கட்டியை எங்களிடம் நீட்டி, "இப்ப எழுதுங்கோ. அவவின்ரை மகள் திரும்பி வரேக்கை வாசிக்கப் போறா எண்டு நினைச்சு எழுதுங்கோ" என்றார். அன்று எழுதிய எழுத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. நேர் எழுத்து, வரிகளுக்கிடையில் நிறைய வெளி, பெயர் மட்டும் சிறிது பெரிது. எழுதி முடிக்க ஒரு பாடவேளை எடுத்தது. கையெழுத்துக்கும் துக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று எங்களுக்குச் சொல்லித்தந்த பாடவேளை அது. எழுத்துக்கு உணர்ச்சி கொடுப்பது என்றால் எழுத்தின் மேல் எதையாவது ஒட்டுவது அல்ல, அந்தச் சொல் யாருடைய கண்ணில் படப்போகிறது என்று யோசிப்பது. நாங்கள் இன்று சொல்ல வந்ததும் இதுதான். மிச்சமெல்லாம் கைவேலை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவை இந்த மண்டபத்தில் பலருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ், கதவுப் பலகை ஒன்றுக்குக் கரி பூசி, அதில் படித்தோம். வெண்கட்டி ஒன்றை நாலாக முறித்துப் பாவித்தோம். ரீச்சரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார். முதல் நாள் அந்தக் கதவுப் பலகையில் அவர் வரைந்தது திகதியை மட்டும். ஆனால் கல்லூரி வாயிலில் வரைவது போலவே வரைந்தார்: நூல் பிடித்து, கோடு அடித்து, ஒவ்வொரு எழுத்தையும் இடம் பார்த்து வைத்து. "ரீச்சர், பின்னேரம் மழைக்கு அழிஞ்சிடுமே" என்றோம். "அழிபடத்தான் போகுது. அதுக்காக இண்டைக்குக் கோணலா எழுதலாமோ?" என்றார். வீடும் பள்ளியும் எங்கே என்று தெரியாத அந்த நாட்களில், நேராக நின்ற அந்தத் திகதி எங்களுக்குத் தந்த தெம்பைச் சொல்லில் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வாயிற் பலகை இருந்தது. மழையும் வெயிலும் பட்டு, கரி உரிந்து, மரம் தெரிந்தது. உள் வகுப்பறை ஒன்றின் பலகையில் மட்டும் ஒக்ரோபர் மாதத்துத் திகதி ஒன்று அப்படியே இருந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை. அதைத் துடைக்க எவருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை, பாடம் தொடங்க வேண்டும் என்று, துடைத்தது. அதுவும் சரிதான்.

பிறகு காலம் மாறியது. ரீச்சர் ஓய்வுபெற்றார். கணினியில் எழுத்து வந்தது, பிறகு பிளாஸ்ரிக் பனர் வந்தது. பனரைக் குறை சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. பின்னேரம் சொன்னால் காலையில் வருகிறது, மழைக்கு நனையாது, தூரத்திலிருந்து தெரியும். ஆனால் வாயிற் பலகை மெல்ல மெல்லப் பனர் கட்டும் சட்டமாகிவிட்டது. அதில் ஆணி அடித்த ஓட்டைகளை இம்முறை எண்ணினோம், நாற்பத்தொன்று. நூற்றாண்டுக்கும் ஒரு பெரிய பனர் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஒரே ஒருமுறை பலகையில் வரைய விடுங்கள் என்று கேட்டோம். அதிபர் சம்மதித்தார். அவருக்கு எங்கள் நன்றி.

இனி வேலையைச் சொல்கிறோம். பின்வரிசையில் இருக்கும் தங்கைமார் கவனமாகக் கேளுங்கள், இது உங்களுக்குத்தான்.

முதலில் வசனம். விழாக் குழு தந்த வசனம் நாலு வரி நீளம். ரீச்சர் சொன்னபடி சத்தமாக வாசித்தோம். வாசிக்க வாசிக்கச் சொற்கள் உதிர்ந்தன. கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது: "எங்கள் அன்னைக்கு நூறு வயது" என்பது தலைப்பு, "நூற்றாண்டு விழாவுக்கு வருக" என்பது கீழ் வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் ஆறு சொல்லைத் திணித்தால் எல்லாம் ஒடுங்கிப்போகும். சொல்லை நடுவில் முறித்தால் வாசிப்பவர் தடக்குப்படுவார். ஆகவே சொல்லைக் குறைப்பதுதான் வடிவமைப்பின் முதற்படி.

இரண்டாவது, சிறு படங்கள். பழைய கொப்பித் தாளில், பலகையின் அளவுக்கு ஏற்ற சிறு பெட்டிகள் கீறி, அவற்றுள் பென்சிலால் வைத்துப் பார்த்தோம். ஆளுக்கு ஐந்து என்று தொடங்கி, முப்பதுக்கு மேல் வந்தது. எழுத்தை இங்கே வடிவாக வரையத் தேவையில்லை. எது பெரிது, எது சிறிது, வெற்றிடம் எங்கே என்று மட்டும் பார்த்தால் போதும். "நூறு" என்ற சொல் தலைப்பின் நடுவில் தனி வரியாக நிற்பது என்று முடிவானது. அந்த இரண்டு எழுத்தும் வரிக்குக் கீழே இறங்கும் எழுத்துகள். அந்த இறக்கத்துக்கு இடம் விட்டால் சொல் வேர்விட்டது போல நிற்கும், இடம் விடாவிட்டால் கீழ்வரியோடு முட்டும்.

மூன்றாவது, கோடுகள். சின்ன வயதில் இரட்டைவரிக் கொப்பியில் எழுதினோம். பலகைக்கு இரண்டு கோடு போதாது. எழுத்தின் உடம்புக்கு மேலும் கீழும் இரண்டு, விசிறியும் புள்ளியும் ஏறும் உயரத்துக்கு ஒன்று, உகரக் குறிகள் இறங்கும் ஆழத்துக்கு ஒன்று, ஆக நாலு கோடு. கோடு அடிக்க அடிமட்டம் தேவையில்லை. தையல் நூலில் வெண்கட்டித் தூளைப் பூசி, இருவர் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் சுண்டிவிட்டால் மெல்லிய நேர்கோடு விழும். தச்சர்கள் செய்வதும் இதுதான். வேலை முடிந்ததும் ஊதினால் போய்விடும்.

நாலாவது, எலும்பு. ஒவ்வொரு எழுத்தையும் முதலில் ஒற்றைக் கோட்டில் மட்டும் வரைந்தோம். எலும்பு சரியில்லாத எழுத்துக்கு எவ்வளவு தசை பூசினாலும் அழகு வராது. இங்கேதான் தமிழ் எழுத்தின் பொறிகள் இருக்கின்றன. மூன்று சுழி "ண", இரண்டு சுழி "ன" இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. அலங்காரத்தில் அந்தச் சுழி தொலைந்தால் எழுத்துப்பிழை. "ஒ" என்பதற்கும் "ஓ" என்பதற்கும் வேறுபாடு அடியில் உள்ள சிறு சுழிப்பு. வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டச் செய்த திருத்தத்தின் அடையாளம் அது. அதை விருப்பப்படி நீட்டினால் "ஒளி விழா" வேறேதோ விழாவாகிவிடும். "ர" என்ற எழுத்தும் அரவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இன்னும் சிக்கல். "பாராட்டு" என்று பெரிதாக எழுதிப் பாருங்கள், வேலிக் கதியால் நட்டது போல இருக்கும். "ர" வின் கால் சரிந்து நிற்க வேண்டும், அரவு நேராக நிற்க வேண்டும். எதை அலங்கரிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்துக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, தசை. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் இருந்தால் எழுத்துத் தட்டையாகத் தெரியும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் தடிப்பு மெலிவு என்று எதுவும் இல்லை. ஓலை கிழியக்கூடாது என்பதால் எழுத்துகள் வளைவாக உருண்டன, புள்ளியைக்கூடப் பல ஏடுகளில் விட்டுவிட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த உருட்சி நமக்குக் கிடைத்த முதுசொம். அதற்குத் தடிப்பும் மெலிவும் கொடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு அங்குல நீள வெண்கட்டித் துண்டை எடுத்து, அரத்தாளிலோ சீமெந்து நிலத்திலோ ஒரு பக்கத்தைத் தட்டையாக உரைத்து, அந்தப் பக்கத்தைப் பலகையில் வைத்து, சாய்வை மாற்றாமல் இழுக்க வேண்டும். கோடு ஒரு திசையில் தடிக்கும், மறு திசையில் மெலியும். கை திரும்பினால் ஒழுங்கு போய்விடும். எங்களுக்கு இது மீண்டும் கைவர மூன்று சனிக்கிழமை எடுத்தது.

ஆறாவது, குணம். "எங்கள்" என்ற சொல்லை நெருக்கமாக, எழுத்தோடு எழுத்துத் தோள் உரச வைத்தோம், அது கூட்டத்தைச் சொல்லும் சொல் என்பதால். "வருக" என்பதை அகலமாக, வெளி விட்டு வைத்தோம், கதவு திறந்தது போல. இப்படிச் சொல்லும்போது பெரிய தத்துவம் போல இருக்கும். பலகையைப் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியத் தேவையில்லை. தெரியாமலே பட்டால் போதும்.

"அன்னை" என்ற சொல்லில்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. எங்கள் அம்மாமாரின் கடிதங்களில் "னை" என்ற எழுத்து இன்றைய வடிவில் இராது. ஐகாரக் குறி எழுத்தோடு ஒட்டி, யானை தும்பிக்கையைத் தூக்கியது போல மேலெழும்பி வளையும். "லை", "ளை", "ணை" ஆகியவையும் அப்படித்தான். 1978 இல் தமிழ்நாட்டில் அரசாணையால் அவை மாற்றப்பட்டன. நம் நாட்டிலும் காலப்போக்கில் புதிய வடிவமே நிலைத்தது. கல்லூரி தொடங்கியபோது இருந்த எழுத்தல்லவா, நூற்றாண்டுப் பலகையில் அன்னைக்கு அந்தத் தும்பிக்கை வேண்டும் என்றார்கள் எங்களில் சிலர். வரைந்தும் பார்த்தோம். மிக அழகாக இருந்தது. அந்த நேரம் ஆறாந்தரப் பிள்ளை ஒன்று வந்து நின்று பார்த்து, "அக்கா, அன்... அது என்ன எழுத்து?" என்று கேட்டது.

எங்களுக்குப் பழைய மரண அறிவித்தல் நினைவு வந்தது. யாருடைய கண்ணில் படப்போகிறது? வாயிலால் வரும் மிகச் சிறிய பிள்ளைக்கும் அது வாசிக்கப்பட வேண்டும். புதிய வடிவத்தையே வைத்தோம்.

ஆனால் தும்பிக்கையை விட்டுவிடவும் மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு சிறு பலகையை வைத்து, எங்கள் சங்கத்தின் மூத்த அக்கா ஒருவரைக் கூட்டிவந்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். கதிரையில் இருந்தபடி, நடுங்குகிற கையால், தாம் பாலர் வகுப்பில் எழுதியபடி "அன்னை" என்று எழுதினார். கோடு நடுங்குகிறது, வடிவம் நடுங்கவில்லை. எழுதி முடித்து, வெண்கட்டித் தூளைச் சேலையில் தட்டிக்கொண்டு, "அறுபது வருசத்துக்குப் பிறகு இந்தப் பலகையைத் தொடுறன்" என்றார். அந்த ஆறாந்தரப் பிள்ளை அவர் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்து எழுதிப் பழகியது. அதை நீங்கள் வெளியே போகும்போது பார்க்கலாம், அக்காவின் எழுத்துக்குக் கீழே இருப்பது அந்தப் பிள்ளையின் எழுத்து.

கடைசியாகக் கைப்பக்குவம் சில. புதிதாகக் கரி பூசிய பலகையில் உடனே எழுதக் கூடாது. வெண்கட்டியைப் படுக்க வைத்துப் பலகை முழுவதும் உரைத்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதியது எவ்வளவு துடைத்தாலும் ஆவி போலத் தெரியும். நிறக் கட்டியைச் சிறிது நேரம் சீனித் தண்ணீரில் ஊறவிட்டு எழுதினால் நிறம் பிடிக்கும், தூள் பறக்காது. ஈரத்தில் எழுதும்போது கோடு மங்கலாகத் தெரியும், பயந்து மேலே மேலே பூசாதீர்கள், காய்ந்ததும் பளிச்சென்று வரும். ஓரங்களைத் திருத்த ஈர்க்கின் நுனியில் பஞ்சு சுற்றி, ஈரத்தில் தோய்த்து, ஒற்றி எடுங்கள். மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சட்டைக் கையே உங்களுக்கு எதிரி. அடிக்கடி இறங்கி வாயில் வரை நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். ஏணியில் நிற்பவருக்கு எழுத்துத்தான் தெரியும், சொல் தெரியாது.

இந்தக் கடைசிப் புத்திமதியை நாங்களே கடைப்பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். விழாவுக்கு முதல்நாள் இரவு எல்லாம் முடிந்தது என்று படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, ஏழாந்தரத்துத் தங்கை ஒருத்தி மெதுவாக வந்து, "அக்கா, நூற்றாண்டிலை ஒரு சுழி குறையுது" என்றாள். பார்த்தால் "ண்" என்பதற்கு இரண்டு சுழிதான். ஐந்து பழைய மாணவிகள், அவர்களில் இருவர் ஆசிரியைகள், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. அந்த எழுத்தை மட்டும் துடைத்தால் போதாது, இடம் காணாது. "நூற்றாண்டு" முழுவதையும் துடைத்து, இரவு பத்து மணிக்குப் புதிதாக வரைந்தோம். வெண்கட்டி பிடித்தது அந்தத் தங்கை, ஏணி பிடித்தது நாங்கள். இன்று காலை எல்லோரும் புகழ்ந்த அந்தச் சொல் அவள் வரைந்தது.

அக்காமாரே, தங்கைமாரே, இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறோம்.

முதலாவது, ரீச்சர் வரைந்த பலகைகளில் ஒன்றின் படம்கூட எங்களிடம் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் வரைந்தார், எல்லாம் மறுநாளோ மறுகிழமையோ துடைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பலகையைப் படம் எடுக்க எவருக்கும் தோன்றவில்லை, ஆட்களைத்தான் எடுத்தோம். ஆனால் ஆட்களுக்குப் பின்னால் பலகை நின்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருக்கும் உங்கள் அல்பங்களைத் திறந்து பாருங்கள். விளையாட்டுப் போட்டியன்று வாயிலில் நின்று எடுத்த படம், வகுப்புப் படம், பிரியாவிடைப் படம் எதிலாவது உங்கள் தலைக்கும் தோளுக்கும் இடையில் அரைச் சொல் தெரிந்தாலும் போதும், அதைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த அரைச் சொற்களைச் சேர்த்து, அந்தக் கையை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்தவர்களுக்கும் சொல்கிறோம்: நினைவிலிருந்து ஒரு பலகையை எழுதி அனுப்புங்கள், அதுவும் எங்களுக்குப் படம்தான்.

இரண்டாவது, பலகையைப் பலகையாகவே விட்டுவிடுங்கள். பனருக்கு வேறு இடத்தில் ஒரு கம்பிச் சட்டம் போட்டுக் கொடுக்க எங்கள் அணி பொறுப்பேற்கிறது. கிழமைக்கு ஒருநாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம், ஊரில் இருக்கும் நாங்கள் மாறி மாறி வந்து விருப்பமான பிள்ளைகளுக்குப் பழக்குவோம். இந்த வேலையைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முடியாது. ஒரு கை இன்னொரு கையைப் பார்த்துத்தான் கற்கும். எங்களோடு முடிந்துவிட்டால் திரும்பி எடுக்க வழியில்லை. செலவு ஒரு பெட்டி வெண்கட்டியும் ஒரு பந்து நூலும்.

விழா நாளையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலையில் ஆறாந்தரப் பிள்ளைகள் முறைப்படி வந்து பலகையைத் துடைப்பார்கள். துடைக்க வேண்டாம் என்று சிலர் சொன்னீர்கள், மேலே ஏதாவது பூசிக் காப்பாற்றலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். அன்றைக்குத் தவணைச் சோதனை நேரசூசி எழுத வேண்டியிருக்கிறது. அதை வரையப்போவது ஒரு சுழியைக் கண்டுபிடித்த அந்தத் தங்கை. நாலு கோடும் நாங்கள் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.